இடது மிதவை

என் வீட்டுக்காரருக்குக் கண் தெரிகிறதா இல்லையா என்பதுதான் அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் ஓடிய சண்டை. நன்றாகத் தெரிகிறது என்பார் அவர். தெரியவில்லை என்பேன் நான். எப்படி நிரூபிப்பது? அவர் கண்ணுக்குள் போய் உட்கார்ந்து நான் பார்க்கவா முடியும்?

கோயம்புத்தூரில் இருக்கும் அவருடைய அண்ணனுக்குக் கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை போய்விட்டது. அந்த வியாதி லேசுப்பட்டதில்லை. வலிக்காது, சிவக்காது, நீர் வடியாது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வரும். தின்றது போனதுதான், திரும்பாது. மிச்சம் இருப்பதை மட்டும் மருந்து போட்டுக் காப்பாற்றலாம். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் உடனே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறார். அண்ணன் போன் பண்ணும்போதெல்லாம் என்னிடம் அதையே சொல்லுவார். "அவனை எப்படியாவது கூட்டிட்டுப் போம்மா. என்னை மாதிரி ஆயிடப் போறான்."

கூட்டிக்கொண்டு போவதாவது! இவர் அசைந்தால்தானே? அண்ணனைப் பார்க்கப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து கண் என்று நான் ஆரம்பித்தாலே "தூர்!" என்று எழுந்து போய்விடுவார். வங்காளிகள் சலித்துக்கொள்ளும்போது சொல்லும் சொல் அது. இவருடைய தாத்தா காலத்திலேயே கம்பெனி வேலைக்காகக் கல்கத்தா வந்த குடும்பம். இவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் பாலிகஞ்சில்தான். தமிழில் பேசுவார், சாப்பிடுவார், சாமி கும்பிடுவார். எரிச்சல் வந்தால் மட்டும் வங்காளி வந்துவிடும். நான் கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள், வங்கியில் அதிகாரி. எனக்கு எரிச்சல் வந்தால் எந்த மொழியும் தேவையில்லை, பாத்திரங்களே பேசும்.

அப்போதுதான் அந்தப் பெட்டி வந்தது. தேயிலைக் கம்பெனியிலிருந்து அதற்கு முந்தைய வருஷம் ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர், வங்காளி வழக்கப்படி அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் தாதா என்று கூப்பிடுகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சால்ட் லேக் பக்கம் ஒரு குடியிருப்புக் குளத்தில் ரிமோட் படகு ஓட்டுவார். பேட்டரியில் ஓடும் பந்தயப் படகு, தண்ணீரில் கட்டிவிட்ட மிதவைகளைச் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். பெரியவர்கள் விளையாட்டுதான், குழந்தைகள் சமாச்சாரம் இல்லை. இவரும் சில தடவை போய்ப் பார்த்திருக்கிறார். கடையில் செய்த படகு வேண்டாம், மரத்துண்டுகளாக வரும் கிட் ஒன்றை வாங்கி நானே கட்டுவேன் என்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்துவிட்டார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது நான் சொன்னேன், "நாளைக்கு லீவு போட்டிருக்கேன். கண் டாக்டர்கிட்டப் போறோம்."

"தூர்! எனக்கு ஒண்ணும் இல்லை. இதோ பாரு, இந்தப் படகை முழுக்க நானே கட்டறேன். ஜனவரியில ரேஸ். மிதவையை ஒரு தடவைகூட இடிக்காம ஓட்டிக் காட்டறேன். கண்ணு தெரியாதவன் செய்யற வேலையா இது?"

"இடிச்சீங்கன்னா?"

"நீ சொல்ற டாக்டர்கிட்ட வரேன். ஆனா இடிக்கலைன்னா, அதுக்கப்புறம் இந்த வீட்டுல கண்ணுங்கற பேச்சே இருக்கக் கூடாது. சரியா?"

"சரிங்க," என்றேன். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜனவரிக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கிறது! அதுவரை அந்த வியாதி கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்குமா? ஆனால் வேறு எந்த வழியிலும் இந்த மனிதர் டாக்டர் வாசலை மிதிக்கப் போவதில்லை. தவிர, ஒரு வாரத்தில் பசையையும் மரத்தையும் கையில் ஒட்டிக்கொண்டு நிற்பார், பந்தயம் அங்கேயே முடிந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

பெட்டியைத் திறந்ததும் கருகிய மர வாசனை வந்தது. மெல்லிய பிளைவுட் பலகைகள், அவற்றில் லேசரால் வெட்டிய துண்டுகள். கடலை மிட்டாயைக் கோடு போட்டு வைத்திருப்பதுபோல ஒவ்வொரு துண்டும் நூலளவு மரத்தில் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நெம்பி எடுக்க வேண்டும். நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு நீளச் சட்டம், அதில் விலா எலும்பு மாதிரிக் குறுக்குச் சட்டங்கள், அதன் மேல் தோல் மாதிரி மெல்லிய பலகை. படகைக் கவிழ்த்துப்போட்டு, வயிறு மேலே இருக்கும்படிதான் கட்ட வேண்டுமாம். அடியில் இருக்கும் பரப்பு கோணல் இல்லாமல் இருக்க வேண்டும். அடியில் ஒரு நூல் கோணினால் படகு தண்ணீரில் நேராக ஓடாது.

எங்கள் சாப்பாட்டு மேஜை கல்கத்தா ஈரத்தில் எப்போதோ வளைந்துபோயிருந்தது. கதவுகளும் அப்படியே. வீட்டில் கோணல் இல்லாத ஒரே இடம் என் அடுப்பங்கரை மேடைக் கல். ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுதான்," என்றார்.

"எது? இங்கே நான் சமைக்கணும்ங்க."

"அந்தப் பக்கம் ஒரு அடுப்பு இருக்கு இல்லையா?"

அந்தப் பக்கம் ஒரு அடுப்பிலேயே சாம்பாரும் பொரியலும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தேன். ஏன் விட்டுக்கொடுத்தேன் என்றால், அங்கே இருந்தால் அவர் என் கண் பார்வையிலேயே இருப்பார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் கண்ணை நான் பார்த்தேன்.

பார்த்ததைச் சொல்கிறேன். இணைப்பில் விட வேண்டிய பசைச் சொட்டை அதற்குப் பக்கத்தில் விட்டார். விட்டுவிட்டு விரலால் தடவி, இடத்தைக் கண்டுபிடித்து, வழித்துக்கொண்டுபோய் இணைப்பில் சேர்த்தார். ஒவ்வொரு துண்டையும் காக்கா பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து வலது பக்கமாகப் பார்த்தார். ஒரு நாள், பசை காயும்வரை துண்டுகளைப் பிடித்து வைக்கும் கிளிப்பை வேண்டுமென்றே அவருக்கு இடது பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். தேடு தேடு என்று தேடினார். மேடைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தார். நான் எடுத்துக் கொடுத்ததும், "நீ எதுக்கு என் சாமானையெல்லாம் மாத்தி மாத்தி வைக்கறே?" என்று பாய்ந்தார். எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் தயாராக இருக்கும். வெளிச்சம் பத்தவில்லை, மூக்குக் கண்ணாடி பழசு, என் பக்கம் நிழல் விழுகிறது.

ஆனால் படகு நேராக வந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சட்டம் சட்டமாக, விலா விலாவாக, நூல் பிடித்த மாதிரி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை ஓட்டுவார். "இங்கே ஒரு மயிரிழை மேடா இருக்கு," என்பார். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. தேய்த்துவிட்டுத் தடவிப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். சும்மா சொல்லக் கூடாது, வேலை அவ்வளவு சுத்தம். ஒருவேளை நான்தான் தப்பாக நினைக்கிறேனோ என்று நடு நடுவே தோன்றும். தோன்றும்போது சந்தோஷமாக இருக்கும். அடுத்த நிமிஷமே அவர் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வார்.

மழைக்காலம் வந்தது. படகின் வயிற்றில் மெல்லிய கண்ணாடி நார்த் துணி போட்டு, எபாக்ஸி பூச வேண்டும். இரண்டு திரவங்களைக் கலந்து பூசினால் ஒரே நாளில் கல் மாதிரி ஆகிவிடும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. அதை எழுதியவர் ஜூலை மாதத்துக் கல்கத்தாவைப் பார்த்ததில்லை. எத்தனை நாளானாலும் பாகு பதம்தான். தொட்டால் ஒட்டியது. கொசு வேறு அதில் வந்து உட்கார்ந்து சமாதி ஆயிற்று. கடைசியில் படகைத் தூக்கிக்கொண்டுவந்து, வீட்டில் ஏசி இருக்கும் ஒரே அறையான எங்கள் படுக்கையறையில், கட்டிலின் நடுவில் வைத்தார்.

"தரையில வைங்களேன்."

"தரையில ஈரம் ஏறும். கால் படும்."

என் மகளுக்குப் பிறகு எங்களுக்கு நடுவில் படுத்தது அந்தப் படகுதான். நான் கட்டில் விளிம்பில் தொங்கிக்கொண்டு படுத்தேன். எழுந்து பார்த்தால் அவர் தூக்கத்தில் அதன் மேல் கையைப் போட்டிருப்பார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இறுகிய பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலை. அதற்கு முடிவே கிடையாது. முரட்டுத் தாள், அதைவிட மெல்லியது, அதையும்விட மெல்லியது. தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தோள் வலித்தபோது நான் வாங்கித் தேய்த்தேன். அன்றைக்கு விட்டவள் இல்லை. வங்கியிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிடுவேன். கையின் கீழ் அந்த வயிறு வழவழவென்று வருவது எனக்கே பிடித்துப்போயிற்று. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, சண்டை போடாமல், எங்கள் கல்யாணத்தில் சமையல்காரர் அல்வாவைத் தீய்த்த கதையெல்லாம் பேசினோம். படகு ஜெயிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது எனக்கு. ஜெயித்தால் அவர் கண்ணைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பதும் நினைவு வரும். உப்புத்தாளைத் தூக்கி வீசிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

வண்ணம் அடிக்கும்போது பளிச்சென்ற மாம்பழ மஞ்சளை எடுத்தார். வெள்ளை அழகாக இருக்குமே என்றேன். "தண்ணியில தெரியணும் இல்லையா?" என்றார்.

"நல்லாத் தெரியற கண்ணுக்கு எதுக்குங்க மஞ்சள்?"

"எல்லாரும்தான் அடிக்கறாங்க. தாதாவோடது ஆரஞ்சு." அதுவும் உண்மைதான். அந்த மனிதரைக் கையும் களவுமாகப் பிடிக்கவே முடியாது.

துர்கா பூஜை முடிந்து, பந்தல்களெல்லாம் பிரித்த சமயம். பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தோம். இடது பக்கமிருந்து ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இவர் நேராக அதன் முன்னால் இறங்கினார். சட்டையைப் பிடித்து நான் இழுத்த இழுப்பில் பொத்தான் தெறித்தது. ஆட்டோக்காரரோடு வங்காளியில் பெரிய சண்டை. "சட்டுன்னு எங்கேயிருந்து வந்தான் பாரு!" என்று என்னிடம் வேறு நியாயம் கேட்டார். அந்த ஆட்டோ தெருமுனையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் ஜனவரி வரை எப்படிப் பொறுப்பது? அன்றைக்கு மறுபடியும் கெஞ்சினேன், கத்தினேன், மகளை விட்டுப் பேசச் சொன்னேன். "பேச்சு பேச்சுதான். ரேஸ் முடியட்டும்," என்றார்.

மோட்டார் வைத்து, சுக்கான் வைத்து, படகு தண்ணீரில் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தாதாவோடு போய் ஓட்டிப் பழகினார். திரும்பி வரும்போது இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு பூரிப்பு. "பௌதி, ஃபாட்டாஃபாட்டி!" என்று தாதா மாடிப்படியிலிருந்தே கூவுவார். அண்ணி, பிரமாதம் என்று அர்த்தம். ஒரு மிதவையைக்கூடத் தொடவில்லையாம். நான் இரண்டு பேருக்கும் காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து நிற்பேன். எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறதா, இல்லை எல்லோருக்குமா?

பந்தயத்தன்று காலை நானும் போனேன். குளத்தின் மேல் பனி மூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கரையில் மண் குவளையில் டீ குடித்துக்கொண்டு நடுத்தர வயது ஆண்கள் கூட்டம். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு படகு. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கரையில் ஒரு மேடையில் வரிசையாக நின்று, தண்ணீரில் வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இருக்கும் மிதவைகளைச் சுற்றி ஓட்ட வேண்டும். கோவிலில் பிரதட்சணம் வருகிற திசைதான். கிட்டத்தில் வலமிருந்து இடமாக வந்து, இடது மிதவையில் திரும்பி, அக்கரைப் பக்கமாகப் போக வேண்டும். இடது மிதவைக்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் சிமெண்ட் படித்துறை.

ஓட்டுகிறவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒருவர் நிற்பது அங்கே வழக்கம். படகுகள் பறக்கிற வேகத்தில் தன் படகைப் பார்ப்பதா, பிறர் படகைப் பார்ப்பதா? பக்கத்தில் இருப்பவர் பார்த்துப் பார்த்துச் சொல்லுவார். பழகும்போதெல்லாம் இவருக்கு தாதாதான் நின்றிருக்கிறார். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். இந்தச் சுற்றில் தாதாவும் ஓட்டுகிறார். "பௌதி, நீங்க நில்லுங்க, ஒண்ணும் கஷ்டமில்லை," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

"நான் என்னத்தைங்க சொல்றது?"

"சும்மா நில்லு. யாராவது குறுக்கே வந்தாச் சொல்லு. இடது மிதவை கிட்ட வரும்போது மட்டும் 'இப்போ'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. தாதாவும் அப்படித்தான் சொல்வார்."

"வலது மிதவையில?"

"அது வேண்டாம். அது நானே பார்த்துக்குவேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் இடது மிதவையைத் திரும்பிப் பார்த்தேன்.

விசில் ஊதினார்கள். அவ்வளவு படகுகளும் ஒரே சத்தமாகச் சீறின. எங்கள் மஞ்சள் படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தது. அடேயப்பா! நான் தேய்த்த வயிறு அது. வலது மிதவையில் அவரே அழகாகத் திருப்பினார். கிட்டத்தில் வந்தது, எங்களைத் தாண்டியது, இடது மிதவையை நெருங்கியது. "இப்போ," என்றேன். படகு சட்டென்று திரும்பி அக்கரைக்குப் போயிற்று. பக்கத்தில் நின்ற ஒருவர் கை தட்டினார்.

நான் படகைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். மறுபடி படகு எங்களைத் தாண்டி இடது பக்கம் போனது. முகம் அதோடு போகவில்லை. வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, கட்டை விரல் ரிமோட்டில் காத்திருக்க, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு மூச்சு தாமதித்துச் சொன்னேன். ஒரு மூச்சு தாமதித்துத் திருப்பினார். மிதவையைத் தாண்டி அகலமாகச் சுற்றிப் போனது படகு. "சீக்கிரம் சொல்லு," என்று முணுமுணுத்தார்.

ஆக, இவ்வளவு நாளும் ஓட்டியது தாதாவின் வாய். இன்றைக்கு என் வாய். நான் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே போனால் இவர் ஒரு மிதவையையும் தொடமாட்டார். பேச்சு பேச்சுதான். வீட்டுக்குப் போய் நான் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த மனிதர் ஆட்டோவில் அடிபடுகிறவரையோ சுவரைத் தடவுகிறவரையோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். படித்துறையைப் பார்த்தேன். பந்தயத்துக்காகக் கயிறு கட்டி ஆட்களை விலக்கியிருந்தார்கள். ஒருவரும் இல்லை.

மஞ்சள் படகு வலது மிதவையைச் சுற்றிக்கொண்டு வந்தது. அவர் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. எங்களைத் தாண்டியது. இடது மிதவைக்கு வந்தது.

நான் சொல்லவில்லை.

"சொல்லு," என்றார்.

வாயைத் திறக்கவில்லை. மிதவை பின்னால் போய்விட்டது.

"எங்கே? எங்கே இருக்கு?" தலையை இடமும் வலமுமாக ஆட்டித் தேடினார்.

"உங்க கண்ணு முன்னாடிதாங்க போகுது," என்றேன்.

படகு போன வேகம் குறையாமல் படித்துறையில் மோதியது. தேங்காய் உடைகிற சத்தம். மூக்கு சிதறி, மேல் பலகை தனியாக எகிறி, இரண்டாவது படியில் விழுந்தது. குளத்தைச் சுற்றி ஒரே கூச்சல். அவர் ரிமோட்டைக் கீழே இறக்கினார். அந்தக் குளத்தங்கரையில் அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு அப்போது இல்லை.

மற்றவர்கள் சுற்றை முடிக்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் படித்துறையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினோம். உடைந்த மூக்கை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"வேணும்னுதானே சொல்லலை?"

"ஆமாங்க."

"நல்ல படகு."

"தெரியும். பாதி நான் தேய்ச்சது."

உடைந்த மூக்கைப் படியில் வைத்தார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்ணன் எல்லா மருந்தும் போட்டான். ஆபரேஷன் பண்ணிக்கிட்டான். என்ன ஆச்சு? வியாதியோட பேரைத் தெரிஞ்சுக்கிட்டுக் குருடானான், அவ்வளவுதான். நான் பேர் தெரியாமலே இருந்துட்டுப் போறேனேன்னு பார்த்தேன். அதுக்குள்ள என் கையால ஒண்ணு கட்டி, ஒரு தடவை ஓட்டிடணும். அவ்வளவுதான் ஆசை."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த துண்டைத் தண்ணீரில் எறிந்தேன். "அவர் லேட்டாப் போனார்ங்க! அதனாலதான் போச்சு! நீங்க அதையும்விட லேட்டாப் போவீங்க, நான் பக்கத்துல நின்னு 'இப்போ, இப்போ'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கணுமா? ரோட்டுல யார் சொல்லுவா? நான் செத்துப்போனா யார் சொல்லுவா?" பக்கத்தில் வந்த தாதா அப்படியே திரும்பிப் போய்விட்டார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டேன், "வலது கண்ணை மூடிக்கிட்டு இடது கண்ணால ஒரு தடவையாவது பார்த்தீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"பயமா இருந்தது," என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பசை காய்ந்து காய்ந்து அந்த விரல்களெல்லாம் சொரசொரவென்று இருந்தன. நான் செய்ததற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை. படகுக்காக வருத்தம் உண்டு, அது வேறு.

மறுநாளே போனோம். டாக்டர் நடுவயதுப் பெண். கண்ணின் அழுத்தத்தை அளந்தார், விளக்கடித்து உள்ளே பார்த்தார், இவருடைய அண்ணனைப் பற்றிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, வலது கண்ணில் ஆரம்பித்திருக்கிறது, ஆனால் நிறைய மிச்சம் இருக்கிறது, மருந்தை ஒரு நாளும் விடாமல் போட்டால் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றார். நான் தமிழில் சாமி பேரையெல்லாம் சொல்லிவிட்டேன். இடது கண் எவ்வளவு என்று பரிசோதனையில்தான் தெரியும் என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

இருட்டறை. வெள்ளைக் கிண்ணத்தைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு மிஷின். அதற்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். எந்தப் பக்கமாவது வெளிச்சம் மினுக்கினால் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். அதை நடத்தும் பெண் என்னை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். அங்கிருந்தே அவள் பார்க்கும் திரை எனக்கும் தெரிந்தது. முதலில் வலது கண். மிஷின் மெல்ல முனகும், உடனே பட்டன் சத்தம் கேட்கும். முனகல், பட்டன். முனகல், பட்டன். சில இடங்களில் விட்டார், பல இடங்களில் பிடித்தார். நான் விரல் விட்டு எண்ணாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் வலது கண்ணைக் கட்டிவிட்டு இடது கண்ணுக்கு மாற்றினாள். மிஷின் முனகியது. பட்டன் சத்தம் வரவில்லை. மறுபடி முனகியது. திரையில் ஒவ்வொரு புள்ளியாகக் கறுத்துக்கொண்டே வந்தது. அவர் கன்னத்தை அசைக்காமல், முதுகை நிமிர்த்திக்கொண்டு, கட்டை விரலைப் பட்டன் மேல் வைத்தபடி, நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தார். முனகல். முனகல். நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று அவர் தமிழில் என்னைக் கேட்டார்.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்பதுபோல என் பக்கம் திரும்பினாள். திரையில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

"ஆரம்பிச்சாச்சுங்க," என்றேன்.